என் வேலை காஞ்சிபுரத்துக்குப் போனது

1

இருபது வருடம் வேலை பார்த்ததைப் பாராட்டி எனக்கு ஒரு பழக்கூடை வந்தது. தபாலில் வந்தது. கையில் கொடுக்க ஆலை இல்லை; அதை மூடி இரண்டு வாரம் ஆகியிருந்தது. யார் யாருக்கு எப்போது பழக்கூடை என்று கணக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரிடம் அந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கூடையில் ஆப்பிள், திராட்சை, ஒரு மாம்பழம். மாம்பழம் கல் மாதிரி இருந்தது. என் மனைவி கலா அதை அரிசி டப்பாவில் புதைத்து வைத்திருக்கிறாள். பழுக்காது என்று அவளுக்கும் தெரியும்.

வட ஜெர்மனியில், கடலை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் நாங்கள் இருக்கிறோம். காற்றாலைக்கு இறக்கை செய்கிற ஆலையில்தான் இத்தனை வருடமும் வேலை. காஞ்சிபுரம் என்று சொன்னவுடன் இங்கே இருக்கிற தமிழர்கள்கூட "அப்போ வீட்டில் தறி இருக்குமே" என்பார்கள். இல்லை. அப்பா டவுன் பஸ் கண்டக்டர். எனக்குப் பட்டுப் புடவையில் அசல் எது, போலி எது என்று சத்தியமாகத் தெரியாது. ஊரிலேயே பாலிடெக்னிக் படித்துவிட்டு, தெற்கே ஒரு காற்றாலைக் கம்பெனியில் இரண்டு வருடம் குப்பை கொட்டி, அங்கிருந்து இங்கே வந்தவன் நான்.

அந்த வேலை எப்படிப் போயிற்று என்று ஊரிலிருந்து நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொல்லி அலுத்துவிட்டது. நடந்ததை ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

2

"ஐரோப்பாக்காரன் காற்றாலை காற்றாலை என்று உயிரை விடுகிறானே, உனக்கு எப்படிப்பா வேலை போகும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எனக்கே பல நாள் புரியாமல்தான் இருந்தது.

நான் வந்த புதிதில் இங்கே ஒரு காற்றாலை நட வேண்டுமென்றால் அனுமதிக்கே வருடக்கணக்கில் ஆகும். பருந்து கூடு கட்டியிருக்கிறதா, வௌவால் பறக்கிறதா, ராணுவத்து ராடாருக்கு இடைஞ்சலா, நிழல் யார் வீட்டு ஜன்னலில் விழும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோப்பு. பிறகு உக்ரைனில் போர் வந்தது, ரஷ்ய எரிவாயு நின்றது, எல்லோருக்கும் தூக்கம் கலைந்தது. காற்றாலை நாட்டின் தலையாய நலன் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அனுமதிகள் முன்னைவிட வேகமாக வர ஆரம்பித்தன. மந்திரிகள் கடற்கரையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஆலைக்கும் ஒரு மந்திரி வந்தார். இறக்கையைத் தடவிப் பார்த்து, "அருமை" என்றார். நாங்களும் நல்ல காலம் வந்துவிட்டது என்று நம்பினோம்.

நல்ல காலம் காற்றாலைக்குத்தான் வந்தது, எங்களுக்கு வரவில்லை. இங்கே இடம் ஏலத்தில் போகிறது. மின்சாரத்தைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்பவனுக்குத்தான் இடம். அவன் காற்றாலை செய்கிறவன் கழுத்தைப் பிடிக்கிறான். காற்றாலை செய்கிறவன் இறக்கை செய்கிற எங்கள் கழுத்தைப் பிடிக்கிறான். எங்களுக்குப் பிடிக்க வேறு கழுத்து இல்லை. போதாக்குறைக்கு இறக்கை வருடத்துக்கு வருடம் நீளமாகிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு நீளத்துக்கும் புது அச்சு, புது முதலீடு. பழைய அச்சுக்குப் போட்ட காசே திரும்பியிருக்காது.

எல்லாவற்றையும்விட வேடிக்கை சாலை அனுமதி. எங்கள் ஆலையிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் நடப்போகும் காற்றாலைக்கு இறக்கையை லாரியில் கொண்டுபோக வேண்டும். வழியில் இருக்கிற ஒவ்வொரு பாலத்துக்கும் அனுமதி. நடுவில் எங்காவது பள்ளம் தோண்டினால் மறுபடி முதலிலிருந்து மனு. உலகத்தின் அந்தக் கோடியில் கப்பலேறிய இறக்கை துறைமுகத்தில் வந்து இறங்கிவிடும். எங்கள் இறக்கை வாசலிலேயே காகிதத்துக்காகப் படுத்துக் கிடக்கும்.

போன வருடம் வசந்த காலத்தில் எங்கள் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டினார்கள். தலைமையகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். கண்ணியமான பெண்மணி, மெதுவாகத்தான் பேசினார். அடுத்த மார்ச்சில் ஆலை மூடப்படும். இருக்கிற இரண்டு அச்சில் ஒன்று கோடையிலேயே இந்தியாவுக்குப் போகும், மற்றது ஆலை மூடியதும் போகும். புது ஆலை கட்டி முடிகிற நிலையில் இருக்கிறது. இடத்தின் பெயரை அவர் இரண்டு தடவை முயன்று பார்த்தார். வாயில் நுழையவில்லை. திரையில் வரைபடத்தைக் காட்டினார்.

வாலாஜாபாத். தென்னேரி. அதற்குக் கொஞ்சம் மேற்கே, எங்கள் ஊர்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானே அச்சை முதுகில் கட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. பன்னிரண்டு வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டி தின்ற ஊவே மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் அச்சுப் பிரிவின் தலைவர். ஓய்வுக்கு இன்னும் ஆறு வருடம் வைத்திருந்தவர்.

3

அதற்கப்புறம் மதியச் சாப்பாட்டில் என் மேசை காலியாகிவிட்டது. யாரும் சண்டை போடவில்லை. காலை வணக்கம் சொன்னார்கள், கதவைத் திறந்து பிடித்தார்கள். தட்டை எடுத்துக்கொண்டு வரும்போது மட்டும் என் மேசையைத் தாண்டிப் போனார்கள். இந்த ஊர்க்காரர்களின் மரியாதையில் எனக்கு எப்போதுமே எரிச்சல் உண்டு. நம் ஊரில் என்றால் முகத்துக்கு நேராக நாலு வார்த்தை திட்டியிருப்பார்கள், நானும் திருப்பித் திட்டியிருப்பேன், அடுத்த நாள் டீ குடித்திருப்போம்.

இதற்கு நடுவில், மொழி தெரிந்தவன் என்று, புது ஆலை ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க என்னையே போட்டார்கள். தினமும் காலையில் வீடியோவில் வகுப்பு. அங்கே மதியம். என் பக்கம் ஜன்னலில் மழை, அவர்கள் பக்கம் மின்விசிறிச் சத்தம்.

அங்கே குழுத் தலைவர் தேவராஜ். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துத் தாமல்காரர். வீட்டில் ஏரிப் பாசனத்தில் நிலம் உண்டு, தம்பி பார்த்துக்கொள்கிறான். இவர் ஒரகடத்தில் வெல்டராக இருந்துவிட்டுப் புது ஆலையில் சேர்ந்திருக்கிறார். முதல் நாள் என்னிடம் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் பேசினார்.

"தமிழ்லயே பேசுங்க. நான் பெரிய காஞ்சிபுரம்தான்" என்றேன்.

"இன்னா சார் சொல்றீங்க? எந்தத் தெரு?"

சொன்னேன்.

"அடப்பாவி! எங்க மச்சான் வூடு அதுக்குப் பின்னாடித் தெருதான்ணா. நானு அங்க வந்துக்கினே இருப்பேன்" என்றார். ஒரு நிமிடத்தில் சார் அண்ணா ஆகிவிட்டது. அன்றைக்கு நான் ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தொழிலைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. இறக்கை என்பது அடிப்படையில் கண்ணாடி இழைத் துணி. ஒரு பெரிய படகு மாதிரியான அச்சில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே ரெசின் என்கிற பிசினைப் பாய்ச்சி, சூடு கொடுத்து இறுக வைப்போம். சூட்டுக்கு அச்சின் அடியிலேயே கம்பிகள் வரிசையாக ஓடும். துணி விரிக்கும் முன்னால் அச்சின் உள்பக்கம் முழுக்க ஒரு பூச்சு பூசுவோம். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போலத்தான். அந்தப் பூச்சு எங்கே விட்டுப்போகிறதோ அங்கே இறக்கை ஒட்டிக்கொண்டு, தூக்கும்போது தோல் கிழியும். பூச்சு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். தேவராஜும் ஆட்களும் என்னிடம் வாங்காத திட்டு இல்லை.

4

என் மகள் மீராவுக்குப் பதினாறு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் வாடகைக்கு எடுத்த சைக்கிளை ஓட்டுவது மாதிரிப் பேசுவாள். ஆறாவது படிக்கும்போது பள்ளி விழாவுக்கு என்னை அழைத்துக்கொண்டு போய், வாசலிலேயே நிறுத்தி, "அப்பா, நீங்க ரொம்ப சத்தமா பேசாதீங்க" என்று கேட்டுக்கொண்டவள். நான் அன்று முழுக்கப் பேசவே இல்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள்.

அவளுக்கு உயிர்த்தோழி ஒருத்திதான். லேனா. ஊவேயின் மகள். மழலையர் பள்ளியிலிருந்து ஒன்றாகவே இருக்கிறார்கள். லேனாவுக்கு கலா செய்கிற உப்புமா பிடிக்கும். அதைச் சொல்கிற இரண்டாவது மனிதப் பிறவியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆலை மூடும் அறிவிப்பு வந்த வாரம் மீரா கேட்டாள்: "நாம இந்த ஊரை விட்டுப் போகணுமா?" இந்த ஊரில் வேறு வேலை கிடையாது. தெற்கே பெரிய நகரங்களில் தேடலாம். அவளுக்குப் பள்ளி முடிய மூன்று வருடம் இருந்தது. "பார்க்கலாம்" என்றேன். கலா முதியோர் இல்லத்தில் ஷிப்டு வேலை பார்க்கிறவள். அன்றைக்குச் சமையலறை அலமாரியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

ஊவே வீட்டிலும் இதே பேச்சுதான் ஓடியிருக்கும்.

5

அக்டோபரில் புது ஆலையில் முதல் முழு இறக்கையை வார்த்தார்கள். தூக்கும்போது கிழிந்துவிட்டது.

படங்கள் வந்தன. தலைமையகத்திலிருந்து பொறியாளர்கள் வந்தார்கள். விளிம்பை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு ஒன்பது இடத்தில் தோல் பிய்ந்திருந்தது. ஒன்பதும் ஏறக்குறைய சமமான இடைவெளியில் இருந்தன. இறக்கையின் தடித்த முனையில் மட்டும் வேறு மாதிரி: படுக்கை வசத்தில் மூன்று கோடு, நடுக் கோட்டின் மேல் ஒரு வட்டம்.

அந்த மூன்று கோடுதான் பொறியாளர்களைப் பிடித்துக்கொண்டது. சூட்டுக் கம்பிகளும் படுக்கை வசத்தில்தான் ஓடுகின்றன. கப்பலில் போனபோது கடல் ஈரம் இறங்கி, அங்கே போனதும் அந்த ஊர்ப் புழுக்கத்தில் கம்பிகள் கெட்டுப்போயிருக்கின்றன என்று முடிவுக்கு வந்தார்கள். வரைபடம் வரைந்தார்கள், கணினியில் வண்ண வண்ணமாகப் படம் போட்டார்கள். கம்பி கெட்டிருந்தால் அச்சையே உரித்துச் செய்ய வேண்டும். அதுவரை இரண்டாவது அச்சை அனுப்ப முடியாது. அதாவது எங்கள் ஆலை இன்னும் ஒரு வருடம், அதற்கு மேலும்கூட, ஓடும்.

நான் அந்தப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒன்பதும் கதவுப் பக்கத்து விளிம்பில் மட்டும் இருந்தன, பின்பக்கம் ஒன்றுகூட இல்லை. கதவைத் திறந்தவுடன் முதலில் கண்ணில் படுகிற பக்கம் அது. அந்த வாரம்தான் ஆயுத பூஜை.

வகுப்பு முடிந்ததும் தேவராஜை மட்டும் தனியாகக் கூப்பிட்டேன்.

"தேவராஜ், பூஜைக்கு அச்சுல பொட்டு வெச்சீங்களா?"

"வெக்காம எப்பிடிண்ணா? புது மிஷினு. ரஹீம் பாய்தான் சந்தனம் கரைச்சாரு. நானு குங்குமம் வெச்சேன்."

"தலைமாட்டுல பட்டை?"

"பெருசா போட்டோம். சூப்பரா இருந்துச்சு, போட்டோ அனுப்பட்டா?"

"வேணாம். பூச்சு அதுக்கு முன்னாடியே போட்டாச்சா?"

"முந்தின நாளே போட்டு ரெடி."

"அப்புறம் பொட்டை எதால தொடைச்சீங்க?"

"தின்னர்லண்ணா. கறை இருந்தா நீங்க திட்டுவீங்களேன்னு, துணிய வெரல்ல சுத்தி, நல்லா அழுத்தி..."

பூச்சையும் சேர்த்துத் துடைத்துவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"அண்ணா" என்றார், குரல் மாறிப்போய். "எங்க மேனேஜரு புனேக்காரு. பூஜை அன்னிக்கு லீவுல இருந்தாரு. அவருக்கே தெரியாது. நாங்க எல்லாம் கான்ட்ராக்ட்டு. பூஜை போட்டு எறக்கைய நாசம் பண்ணிட்டானுங்கன்னு எழுதுனா ஒருத்தன் மிஞ்ச மாட்டான்ணா. சிரிப்பா சிரிச்சிடுவானுங்க. நீங்க சொல்லாதீங்க. உங்க கால்ல வேணாலும் வுழறேன்."

"சொல்ல மாட்டேன்" என்றேன். அது சுலபமாக வாயில் வந்துவிட்டது. நான் சொல்லாமல் இருப்பதில் அவருக்கு லாபம். ஊவேக்கு லாபம். மீராவுக்கு லாபம். எனக்குச் சம்பளம். இப்படி எல்லோருக்கும் நல்லதாக ஒரு பொய் என் வாழ்க்கையில் வாய்த்ததே இல்லை.

6

அந்த ஒரு வாரத்தைப் பற்றி உள்ளது உள்ளபடி எழுதிவிடுகிறேன். நான் இந்த நாட்டில் கழித்த வாரங்களில் அதுதான் மிக நல்ல வாரம்.

ஆலை இன்னும் ஒரு வருடம் ஓடும் என்ற பேச்சு பரவியது. திங்கட்கிழமை மதியம் ஊவே தட்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார். உப்பைக் கேட்டார். மறுநாள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். புதன்கிழமை யாரோ வீட்டில் செய்த ஆப்பிள் கேக்கை எனக்கும் ஒரு துண்டு வெட்டி வைத்தார்கள். மீரா லேனா வீட்டிலிருந்து வந்து, பாட்டு பாடிக்கொண்டே மாடிப்படி ஏறினாள். இருபது வருடத்தில் நான் எவ்வளவு தனியாக இருந்திருக்கிறேன் என்பது அந்த ஒரு வாரத்தில்தான் எனக்கே தெரிந்தது. அவமானமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை இறுதிக் கூட்டம். கம்பிகளைப் பற்றிய அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. பயிற்சி கொடுத்தவன் என்பதால் நானும் ஒரு கையெழுத்து. ஊவேயும் இருந்தார்.

தலைமையகத்து அம்மாள் அறிக்கையைப் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "உண்மையைச் சொன்னால், கம்பி மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த மாதிரி நுணுக்கமான வேலைக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு அது வருமா என்பதையே நாம் திரும்ப யோசிக்க வேண்டும்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, மிக அன்பாக, "உங்களைச் சொல்லவில்லை" என்றார்.

ஊவே உட்பட எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஆமாம், உன்னைச் சொல்லவில்லை.

எனக்கு நியாயம் தர்மம் எல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் காதுவரை சுட்டது. துணியை விரலில் சுற்றி, நான் திட்டுவேன் என்று பயந்து, கறை போக அழுத்தித் துடைத்தவர்களுக்கா ஒழுங்கு இல்லை? ஒழுங்கு கொஞ்சம் கூடிப்போனதால் வந்த வினை அது.

"கம்பியில் ஒன்றுமில்லை" என்றேன். "அந்த இடங்களில் தின்னர் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். பூச்சு போய்விட்டது. மறுபடி பூசினால் அடுத்த இறக்கை சுத்தமாக வரும்."

"எதற்காகத் துடைத்தார்கள்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"தூசி படிந்திருந்தது. துடைத்த பிறகு மறுபடி பூச வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தப்பு என்னுடையது."

"இவ்வளவு ஒழுங்கான இடைவெளியிலா தூசி?"

"ஆமாம்" என்றேன். "அவர்கள் ஒழுங்கானவர்கள்."

கொடுத்த வாக்கில் பாதியைக் காப்பாற்றினேன். பூஜை விஷயம் இன்றுவரை அந்தக் கம்பெனி மேலிடத்தில் யாருக்கும் தெரியாது. பத்து நாளில் புதுப் பூச்சோடு அடுத்த இறக்கையை வார்த்தார்கள். வழவழவென்று வந்தது. இங்கே ஆலை மூடும் மார்ச் மார்ச்சாகவே நின்றது.

7

கூட்டம் முடிந்து கார் நிறுத்தும் இடத்தில் ஊவே காத்திருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் குடையில்லாமல் நின்றார்.

"எப்போதிருந்து தெரியும்?" என்று கேட்டார்.

"ஒரு வாரமாக."

"நீ இன்று சொல்லாமல் இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

"உனக்கும்தானே வேலை போகிறது?"

"ஆமாம்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். "எனக்குப் புரியவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். திங்கட்கிழமையிலிருந்து என் மேசை மறுபடி காலி.

வீட்டில் நான் சொல்வதற்கு முன்பே மீராவுக்குத் தெரிந்திருந்தது. லேனா போனில் சொல்லிவிட்டாள். சமையல் மேடையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அழுது முடித்த முகம்.

"நீங்களே சொன்னீங்களா?"

"ஆமா."

"யாருக்காக?"

"அங்க வேலை செய்யறவங்களைத் தப்பா பேசினாங்க."

"அவங்க நமக்கு யாருப்பா?"

அப்பா அம்மா போய்விட்டார்கள். வீட்டை விற்றாயிற்று. ஒரே அக்கா பெங்களூரில் இருக்கிறாள். தேவராஜை நான் திரையில் தவிரப் பார்த்ததில்லை. காஞ்சிபுரத்தில் எனக்காகக் கதவைத் திறக்க ஒரு வீடு கிடையாது.

"யாருமில்ல" என்றேன்.

"லேனா எனக்கு யாருன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள். கத்தவில்லை. இந்த ஊர்க்காரர்கள் மாதிரியே மெதுவாகத்தான் கேட்டாள். அப்புறம் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கலா என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, அவள் அறை வாசலில் போய் நின்றாள்.

வேலை தேடுவோர் அலுவலகத்துக்குப் போனது இன்னொரு கூத்து. படிவத்தில் வேலை ஏன் முடிகிறது என்று ஒரு கட்டம். வேலை வெளிநாட்டுக்கு மாற்றப்பட்டது, இடம் இன்னது என்று கம்பெனியே அச்சடித்துக் கொடுத்திருந்தது. அதற்கு மேலே பிறந்த ஊர் என்று ஒரு கட்டம். மாவட்டத்தின் பெயர் இரண்டிலும் ஒன்றாக இருந்தது. அங்கிருந்த இளைஞர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தவறாக நிரப்பிவிட்டீர்கள், ஒன்றைத் திருத்துங்கள் என்றார். இரண்டும் சரிதான் என்று அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. புரிந்ததும், "அப்படியானால் நீங்கள் ஏன் அங்கேயே போகக் கூடாது?" என்று கேட்டார். அவருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. கம்பெனியும் கேட்டதுதான். அங்கே போனால் கலாவும் மீராவும் இங்கே, நான் அங்கே ஒரு வாடகை அறையில். வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

8

கடைசி இறக்கையை மார்ச் மாதம் வார்த்தோம்.

இந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. இறக்கை இரண்டு பாதியாகத்தான் செய்யப்படும். இரண்டையும் சேர்த்து ஒட்டி மூடும் முன், முக்கியமான இறக்கை என்றால், உள்பக்கத்தில் எல்லோரும் பேனாவால் பெயர் எழுதுவார்கள். மூடிய பிறகு அதை யாரும் பார்க்க முடியாது. கடல் நடுவில் எங்கோ நின்று சுற்றிக்கொண்டிருக்கும், உள்ளே நம் பெயர் இருக்கும், அவ்வளவுதான். முதல் தடவை பார்த்தபோது, இவ்வளவு படித்த ஆட்கள் இதைச் செய்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தேவராஜிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "அவுங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கும்லண்ணா" என்றார்.

அன்றைக்கு எல்லோரும் எழுதப் போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கடைசியாகப் போய் ஒரு ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று தூரத்தில் நின்றேன். அதற்குள் கிடங்கிலிருந்து கையெழுத்துக்காக ஒருவர் கூப்பிட்டார். போய், அந்தக் காகிதங்களை முடித்துவிட்டுப் பேனாவோடு திரும்பி வந்தேன். மேல் பாதியை இறக்கி ஒட்டிவிட்டிருந்தார்கள். பசை இறுக ஆரம்பித்திருந்தது.

ஊவே கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த பேனாவைப் பார்த்தார். அக்டோபருக்குப் பிறகு வேலை விஷயம் தவிர அவர் என்னோடு பேசியதில்லை.

"உன் பெயரை நான் எழுதிவிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கை கழுவப் போய்விட்டார்.

எழுதினாரா, அல்லது அந்த நேரத்துக்கு மரியாதையாக ஒன்று சொன்னாரா, தெரியவில்லை. அந்த இறக்கையைப் பிளந்து பார்த்தால்தான் உண்டு. இவர்கள் பொய் சொல்லிப் பார்த்ததில்லை. ஆனால் ஒருவன் முகம் வாடக் கூடாது என்று என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இறக்கை அடுத்த திங்கட்கிழமை துறைமுகத்துக்குப் போனது. ஆச்சரியமாக, அனுமதி எல்லாம் ஒரே நாளில் வந்துவிட்டது.

நேற்று மாலை மீராவிடம் இதைச் சொன்னேன். அவள் இப்போது என்னோடு பேசுகிறாள், தேவைக்கு. லேனா அக்டோபருக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆப்பிளைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"எழுதியிருப்பாருப்பா" என்றாள்.

"வேணும்னா லேனாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று அடுத்ததாகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் ஆப்பிளைத் தின்று முடித்து, கையைக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டாள். அதை மட்டும் சொல்லவில்லை.